ஒப்புக்கு ஒரு யன்னல்

பெருமதிப்புக்குரிய அவைத்தலைவர், விதானையார் கனகரத்தினம் அவர்களே! அவருக்கு வலப்புறத்தில் வீற்றிருக்கும் நொத்தாரிசு அருட்பிரகாசம் அவர்களே! இந்த வாசிகசாலையை வளர்த்தெடுத்த காரியகாரர்களே! கதிரைகளை நிறைத்திருக்கும் கனவான்களே! கதிரை கிடைக்காமல் வேலியோரம் நிற்கும் வாலிபர்களே! பந்தலின் இடப்புறத்தில் பாய் விரித்து அமர்ந்திருக்கும் அன்னைமாரே! அடுப்பை அவித்துவிட்டு அவசரமாக ஓடி வந்திருக்கும் அக்காமாரே! இன்னமும் புகையிலே சிவந்த கண்களோடு என்னை நிமிர்ந்து பார்க்கும் தங்கைமாரே! உங்கள் அனைவருக்கும் இந்தப் பத்மாவதியின் பணிவான வணக்கம்.

கடைசி வரிக்குக் கை தட்டியவர்கள் பாயில் இருப்பவர்கள் மட்டுந்தான். கதிரைப் பக்கம் சத்தமே இல்லை. பரவாயில்லை, பொழுது சாய இன்னும் நேரம் இருக்கிறது.

இந்த வாசிகசாலையின் ஆண்டு விழாவை ஒட்டி, ஊரிலே புதிதாகக் கட்டிய வீடுகளுக்குள் அழகான வீடு எது என்று தெரிந்தெடுக்க ஒரு போட்டி வைத்தார்கள். நடுவர்கள் மூன்று பேர். தலைவர் ஒருவர், நொத்தாரிசு ஒருவர், உடுவிலிலே பெண்பிள்ளைகளுக்குச் சித்திரமும் கணக்கும் படிப்பிக்கிற நான் ஒருத்தி. வெற்றி பெற்ற வீடு எது என்பதைத் தலைவர் சற்று முன்னர் வாசித்தார். மலாய் நாட்டு றெயில்வேயிலே உழைத்து, பென்சன் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிய திருவாளர் நமசிவாயம் அவர்களின் வீடு. பரிசு, இதோ இந்த மேசையிலே மினுங்குகிற வெள்ளிக் குத்துவிளக்கு. "இல்லமும் எழிலும்" என்ற பொருளில் நான் கால் மணி நேரம் கதைத்துவிட்டு, சிரித்த முகத்தோடு அந்த விளக்கை எடுத்து அவர் கையிலே கொடுக்க வேண்டும். ஏற்பாடு அதுதான்.

கதைக்கிறேன். ஆனால் சிரித்த முகத்தை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

வேலியோரத்தில் யார் அது? "ரீச்சர் கோவத்திலை வந்திருக்கிறா" என்கிற தம்பி? ஓம் தம்பி, கோபத்தோடுதான் வந்திருக்கிறேன். கோபத்தை வீட்டிலே வைத்துவிட்டு வரலாமென்று பார்த்தேன், முடியவில்லை. பெண் மேடை ஏறுவதே அதிகம், ஏறிக் கோபிப்பது அதிலும் அதிகம் என்று நினைக்கிறவர்கள் எழுந்து போகலாம். அந்தக் கதிரைகளில் எங்கள் தாய்மாரை இருத்துவோம். ஒருவரும் எழும்பக் காணோம். நல்லது, அப்படியானால் கேளுங்கள்.

எது இல்லம்? எது எழில்? கல்லை அடுக்கினால் இல்லமா? கம்பி அடித்தால் எழிலா? பலாலி வீதியிலே நமது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் இருந்து வடக்கே ஒரு தரம் நடந்து பாருங்கள். மலாயாவில் பார்த்த வீடு ஒன்று, சிங்கப்பூரில் பார்த்த வீடு ஒன்று, கொழும்பிலே பணக்காரர் குடியிருக்கிற கறுவாத்தோட்டத்து மதிலுக்கு மேலாலே எட்டிப் பார்த்த வீடு இன்னொன்று! தூணுக்குத் தலைப்பாகை, தலைப்பாகைக்குப் பூ, பூவுக்குப் பச்சை வர்ணம்! வாசல் கேற்றுத் தூணிலே இரண்டு சிங்கம். அந்தச் சிங்கங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒன்று எங்கள் ஊர்க் கடுவன் பூனை மாதிரி, மற்றது அதைப் பார்த்துப் பயந்த பூனை மாதிரி! சிரியுங்கள், சிரியுங்கள். இன்றைக்கு நான் உங்களைச் சிரிக்க வைப்பது இவ்வளவுந்தான்.

புதுமைக்கு நான் எதிரியென்று எண்ண வேண்டாம். புதுமைதான் எனக்குப் பிடித்தது. பழைய வீடுதான் நல்ல வீடு என்று கண்ணீர் விடுகிற ஆளும் நானல்ல. வேண்டிய நேரம் சுவரோடு சாய்த்துப் பூட்டக்கூடிய படிப்பு மேசையொன்றை உடுவிலிலே ஒரு வீட்டில் கண்டேன். கண்ட இடத்திலேயே கை தட்டினேன். கூரையிலே இரண்டு ஓட்டைக் கழற்றிக் கண்ணாடி ஓடு போட்டு, ஆட்டுக்கல்லுக்கு மேலே நேராக வெளிச்சம் விழச் செய்திருந்தார்கள் இன்னொரு வீட்டில். அந்த வீட்டிலே மா ஆட்டிய பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள்! அதுவல்லவோ புதுமை? அதுவல்லவோ எழில்? இருக்கிற மனிதருக்கு ஏற்ற மாதிரி இருப்பிடத்தைத் திருப்புவதற்குப் பெயர் கலை. போகிற வருகிறவனுக்குக் காட்ட இருப்பிடத்தைத் திருப்புவதற்குப் பெயர் என்ன? நீங்களே ஒரு பெயர் வையுங்கள்.

குருநகரிலே றோஸ் என்று எனக்கு ஒரு மாணவி. கடற்கரையில் சின்ன வீடு. மாரி மழைக்கு ஒழுகும், அதை நான் மறைக்கவில்லை. போன பள்ளித் தவணையிலே அந்த வீட்டுக்குப் போனபோது, சமையல் நடக்கிற குசினிச் சுவரிலே ஒரு அதிசயம் கண்டேன். பழைய தோணிப் பலகை ஒன்றை மேற்பக்கம் கீல் வைத்துப் பூட்டி, வெளிப்பக்கமாகத் தூக்கி, உடைந்த துடுப்புத் துண்டால் முண்டு கொடுத்திருந்தார்கள். மழை உள்ளே வராது. வெயில் உள்ளே வராது. தெருவில் நிற்கிறவன் கண்ணும் உள்ளே வராது. காற்று மட்டும் வரும், புகை மட்டும் போகும்! றோஸின் தாய் யசிந்தா கேட்டுச் செய்வித்த யன்னல் அது. தகப்பன் கனிசியஸ் வாசலில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே எனக்கு முறைப்பாடு சொன்னார்: "ரீச்சர், என்ரை பழைய தோணியைப் பிரிச்சு யன்னலாக்கிப் போட்டா. இன்னும் கொஞ்ச நாளிலை என்னையும் பிரிச்சு அலுமாரி செய்வா!"

ஏன் செய்து கொடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "புகைக்குள்ளை நிக்கேலாது, வழி வை எண்டு கேட்டா. வைச்சன். வேறை என்ன?" என்றார்.

கேட்டா. வைச்சன். இவ்வளவுதான் சபையோரே! அவள் கேட்டாள், அவர் வைத்தார். இந்த இரண்டு சொல்லையும் உங்கள் மடியிலே முடிந்து வைத்திருங்கள். இனி நான் சொல்லப்போகும் வீட்டிலே அந்த இரண்டு சொல்லும் இல்லை.

நடுவர்கள் நாங்கள் மூவரும் நமசிவாயம் அவர்களின் வீட்டைப் பார்க்கப் போனோம். வீதியில் நின்று பார்த்தபோது, உண்மையைச் சொல்கிறேன், நானும் வாயைத் திறந்தபடி நின்றேன். வெள்ளைச் சுவர். நடுவிலே விறாந்தை. விறாந்தைக்கு இந்தப் பக்கம் மூன்று யன்னல், அந்தப் பக்கம் மூன்று யன்னல். ஆறும் ஒரே அளவு, ஒரே உயரம், ஒரே பச்சை. அடிமட்டம் வைத்துக் கீறின மாதிரி. கணக்குப் படிப்பிக்கிறவளுக்கு அந்தச் சீர் பிடிக்காமல் இருக்குமா? பிடித்தது.

முகப்புச் சீருக்கு மூவருமே முழுப் புள்ளி போட்டுவிட்டு உள்ளே போனோம். முன் மண்டபத்திலே எங்களை இருத்தினார்கள். நிறக் கண்ணாடி வழியாக வெயில் வந்து தரையிலே சிவப்பும் நீலமுமாகக் கிடந்தது. சோடா வந்தது. தலைவருக்குச் சுருட்டும் வந்தது. நொத்தாரிசு அவர்கள் கதிரையிலே சாய்ந்துகொண்டு, "காத்து என்ன மாதிரி வருகுது பாத்தியளே!" என்று வியந்தார். வியந்தபடியே இருவரும் புள்ளி போட்டார்கள். காற்றுக்கு முழுப் புள்ளி! வெளிச்சத்துக்கு முழுப் புள்ளி! இருந்த கதிரையை விட்டு ஒரு அடி நகராமல் ஒரு வீட்டை முழுவதும் அளந்த மகா வித்துவான்கள் இவர்கள்!

தலைவர் மணியிலே கை வைக்கிறார். ஐயா, அது நேரம் முடிந்தால் அடிக்கிற மணி. சொல்வது சுடுகிறது என்பதற்காக அடிக்கிற மணி அல்ல. வையுங்கள் கீழே.

அவர்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. மண்டபத்துக்கு அப்பால் ஒரு திரைச்சீலை தொங்குகிறது. பிற ஆண்கள் அதற்கு அப்பால் போவது நமது ஊரிலே வழக்கமில்லை. திரைக்கு இந்தப் பக்கம் வீடு என்று பெயர். அந்தப் பக்கத்துக்கு என்ன பெயர் என்று போட்டி வைத்தவர்கள் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது. ஏனென்றால் திரையை விலக்கிக்கொண்டு நமசிவாயம் அவர்களின் மனைவி சிவக்கொழுந்து அக்கா என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, உள்ளுக்கை வாருங்கோ. உங்கடை பிள்ளை உங்களைப் பாக்கோணுமாம்."

என்னுடைய பிள்ளை என்றது அவர்களின் மகள் குணலட்சுமியை. உடுவிலிலே என்னிடம் படித்தவள். நான் படிப்பித்த பிள்ளைகளுக்குள் கோடு கீறினால் கோடாக நின்றது அவளுடைய கோடுதான்.

திரையைத் தாண்டினேன். தாண்டிய உடனே எனக்குக் கண் தெரியவில்லை. வெளியே பட்டப்பகல், உள்ளே இருட்டு. முதலில் இருமல் சத்தம் கேட்டது. பிறகு புகை மணந்தது. பிறகுதான் கட்டிலில் குணலட்சுமி இருப்பது தெரிந்தது. அவளுக்கு நிறைமாதம். புருசன் பஞ்சலிங்கம் கொழும்பிலே கிளாக்கர், லீவு கிடைக்கிறபோதுதான் வருவார். அவள் பெற்றோரோடு அந்த வீட்டிலே இருக்கிறாள். பிள்ளை பெறுவதற்கும், பெற்ற பின் துடக்கு என்கிற தீட்டுக் கழியும் வரை தாயும் சேயும் கிடப்பதற்கும் அந்த அறைதான் ஒதுக்கியிருக்கிறது.

அறைக்குப் பக்கத்திலே குசினி. பழைய வீடுகளிலே குசினி தனியே இருந்தது. புகை நாலு பக்கமும் போகும். கொழும்பு வீடுகளைப் பார்த்து, குசினியைக் கொண்டுவந்து வீட்டோடு ஒட்டினீர்கள். சரி, ஒட்டுங்கள், மழையிலே நனையாமல் சோறு வரும். ஆனால் கொழும்பு வீட்டிலே குசினிக்கு மேலே புகைபோக்கி என்று ஒன்று நின்றதே, அதை ஏன் அங்கேயே விட்டுவிட்டு வந்தீர்கள்? "புகைபோக்கி வைச்சால் முகப்பிலை கரி படியும்" என்றாராம் வீட்டைக் கட்டியவர். முகப்பிலே கரி படியக்கூடாது! மகளின் நெஞ்சிலே படியலாம்!

நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு யன்னலைத் தேடினேன். வெளியே பார்த்தேனே, வலக்கைப் பக்கத்துக் கடைசி யன்னல்? அந்த யன்னல் இந்த அறைக்குத்தானே வர வேண்டும்? எங்கே அது? நான் தடவுவதைக் கண்டு குணலட்சுமி சிரித்தாள். "ரீச்சர், யன்னலைத் தேடுறியளோ? அது வெளியாலை மட்டுந்தான்."

வெளியாலை மட்டுந்தான்! விளங்குகிறதா சபையோரே? வீதியிலே இருந்து பார்த்தால் இந்தப் பக்கம் மூன்றுக்கு அந்தப் பக்கம் மூன்று வேண்டும். ஆனால் கடைசி அறை பொம்பிளைகளின் அறை. வீதிப் பக்கம் யன்னல் வைத்தால் ஆட்கள் பார்ப்பார்கள். சீரும் வேண்டும், மறைப்பும் வேண்டும். என்ன செய்வது? சாந்தைக் குழைத்தார்கள். சுவரின் வெளிப்பக்கத்தில் யன்னல் நிலை மாதிரி ஒன்று பிடித்தார்கள். அதற்குள்ளே கதவு மாதிரிக் கோடு இழுத்தார்கள். பிடி மாதிரி ஒரு உருண்டை வைத்தார்கள். பச்சை வர்ணம் பூசினார்கள். ஒப்புக்கு ஒரு யன்னல்! திறக்காத யன்னல், திறக்கவே முடியாத யன்னல், பிறக்கும்போதே சுவராகப் பிறந்த யன்னல்! அந்த யன்னலுக்குத்தான் நாங்கள் மூவரும் கூடி முழுப் புள்ளி போட்டோம்.

"உள்பக்கத்து யன்னலை நான் கீறி வைச்சிருக்கிறன், பாருங்கோ" என்று குப்பி விளக்கைத் தூக்கிப் பிடித்தாள் குணலட்சுமி.

அந்தச் சுவரிலே, அந்தப் பொய் யன்னலுக்கு நேர் உள்ளே, அடுப்புக் கரியால் ஒரு யன்னல் கீறியிருந்தாள். விளையாட்டுக்குக் கீறியது அல்ல அது. உண்மையான அளவிலே, உண்மையான உயரத்திலே. குறுக்கே சரிவுச் சரிவாகப் பலகைகள். "இப்பிடிச் சரிச்சு அடிச்சால் காத்து வரும் ரீச்சர். ரோட்டிலை நிக்கிற ஆளுக்கு முகடுதான் தெரியும், நான் தெரியன்" என்றாள். அதற்குப் பக்கத்திலே குசினிச் சுவரில் இன்னொரு படம். அடுப்பைத் தரையில் இருந்து தூக்கி இடுப்பளவு மேடையிலே வைத்திருக்கிறாள். "குனிஞ்சு குனிஞ்சு ஊதத் தேவையில்லை." அடுப்புக்கு மேலே மண் குழாயாலே புகைபோக்கி, முன்முகப்பில் தெரியாமல் பின்பக்கம் வளைத்து. "ஐயாவின்ரை முகப்பிலை ஒரு பொட்டுக் கரியும் படியாது." தகப்பனாரைத்தான் அவள் ஐயா என்பாள். சுவரின் தடிப்பைக் குடைந்து சரக்குப் போத்தல் வைக்க மாடங்கள். தொட்டிலுக்குக் காற்று நேரே முகத்தில் அடிக்காமல், பக்கத்தாலே வந்து போகிற இடம் பார்த்து, தொட்டில் கட்டுகிற வளையத்துக்கு ஒரு புள்ளி.

அம்மாமாரே, அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. வெளியே சாந்தால் ஒரு யன்னல். உள்ளே கரியால் ஒரு யன்னல். நடுவிலே ஒரு சுவர், மூச்சு விடாமல் நிற்கிறது.

"ஐயாவைக் கேட்டனியோ?" என்றேன். "கேட்டனான் ரீச்சர். உனக்கேன் உந்த வேலை, நீ பிள்ளையைப் பெத்துக்கொண்டு கிட எண்டு சொல்லிப்போட்டார்." இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. ஏனென்றால் அவள் ஏற்கெனவே ஒரு பிள்ளையைப் பெற்றவள். அதே அறையிலே பெற்றவள். துடக்குக் கழிய முன்னமே இருமி இருமி அந்தப் பிள்ளை போய்விட்டது. இரண்டாவது பிள்ளை இன்றைக்கோ நாளைக்கோ என்று இருக்கிறது. அதே அறை! அதே புகை! அதே சுவர்! என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ரீச்சர், உந்த யன்னலைத் திறக்கச் சொல்லுங்கோ. நான் சொன்னால் கேக்கினமில்லை. மேடையிலை சொல்லுங்கோ."

அவள் சொல்லச் சொன்னாள். ஆகவே சொல்கிறேன்.

பின்வரிசையில் இருந்து ஒரு குரல். "பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டிலை சுவர் உடைக்கப்படாது ரீச்சர்!" கேட்டது அண்ணை, கேட்டது. எனக்கும் அந்த வழக்கம் தெரியும். பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டிலே ஆணி அடியோம், மண் வெட்டோம், சுவரிலே கை வையோம். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ஆகாது என்று பயம். அந்தப் பயத்தை நான் இகழவில்லை. ஆனால் கேட்கிறேன், சுவரிலே துளை விழுந்தால் பிள்ளைக்கு ஆகாதென்றால், நெஞ்சிலே புகை விழுந்தால் ஆகுமா? அதற்கு யாராவது பயந்தீர்களா? அதற்கு ஒரு வழக்கம் வைத்தீர்களா?

சாத்திரம் என்று இன்னொருவர் முணுமுணுக்கிறார். வசதியாகப் போயிற்று, வீட்டுக்கு நாள் வைத்துக் கொடுத்த சாத்திரியாரும் முன்வரிசையிலேதான் இருக்கிறார். ஐயா, அந்தச் சுவரிலே யன்னல் வைக்கக்கூடாதென்று நீங்கள் சொன்னீர்களா? தலையை ஆட்டுகிறார். எல்லோரும் பாருங்கள், இல்லை என்று ஆட்டுகிறார். சாந்திலே பொய் யன்னல் பிடிக்கச் சொல்லி எந்த ஏட்டிலாவது இருக்கிறதா? அதற்கும் இல்லையாம். அப்படியானால் சாத்திரத்தை விடுங்கள், அந்தப் பெரியவர் பாவம்.

ஓ, இரண்டாம் வரிசையிலே நமசிவாயம் அவர்களே எழுந்துவிட்டார். சொல்லுங்கள் ஐயா, சபை கேட்கட்டும்.

"உது என்ரை வீடு. என்ரை வீட்டிலை எங்கை யன்னல் வைக்கிறதெண்டு எனக்குத் தெரியும்."

எல்லோருக்கும் கேட்டதா? என்ரை வீடு என்கிறார். நொத்தாரிசு அருட்பிரகாசம் அவர்களே, இந்த வீட்டின் சீதன உறுதிப் பத்திரத்தை எழுதி முடித்தவர் தாங்கள். இதிலே ஒளிப்பு மறைப்பு ஏதும் இல்லை, கலியாணத்துக்கு வந்து சோறு தின்ற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனாலும் தங்கள் வாயாலே வரட்டும். வீடும் வளவும் யாருடைய பேரிலே?

"குணலட்சுமியின்ரை பேரிலைதான்."

சத்தமாகச் சொன்னதற்கு நன்றி ஐயா. கேட்டீர்களா நமசிவாயம் அவர்களே? கேட்டீர்களா கனவான்களே? நம்முடைய ஊரிலே வீடு யாருடையது? பெண்ணுடையது! சீதனமென்று எழுதி, சாட்சி வைத்து, ஊரறியக் கொடுக்கிறோம். கொடுக்கிற நாளிலே பேரை மாற்றுகிறோம், வாயை மட்டும் மாற்றுவதில்லை. தகப்பன் "என்ரை வீடு" என்கிறான். புருசன் "என்ரை வீடு" என்கிறான். போட்டி வைத்த வாசிகசாலையும் "நமசிவாயம் அவர்களின் வீடு" என்று வாசிக்கிறது. உறுதியிலே பேர் உள்ளவள் உள்ளே இருந்து இருமுகிறாள்! அவளுக்குச் சொந்தமான அந்தச் சுவரிலே அவளுக்கென்று இருப்பது அந்தக் கரிக்கோடு மட்டுந்தானே? கதவு யாரைக் கேட்டு வைத்தீர்கள்? தூண் யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள்? பூனைக்கும் புலிக்கும் நடுவான அந்தச் சிங்கத்தை யாரைக் கேட்டு ஏற்றினீர்கள்? நாளெல்லாம் நிற்கப்போகிறவளை, நாளெல்லாம் குனியப்போகிறவளை, பெறப்போகிறவளை, கிடக்கப்போகிறவளை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

இருங்கள் ஐயா, போகாதீர்கள். உங்களை நான் பழிக்கவில்லை. இல்லை, பழிக்கிறேன், ஆனால் உங்களைக் கொடியவர் என்று சொல்லவில்லை. மலாயாவிலே வெயிலும் மழையும் பாராமல் நீங்கள் உழைத்த உழைப்பு எனக்குத் தெரியும். மகளுக்கென்றே மூச்சு விட்ட மனிதர் நீங்கள் என்பதும் தெரியும். இன்னொன்றும் எனக்குத் தெரியும். அதை உங்கள் மகள் எனக்குச் சொன்னாள். சொல்லும்போதும் உங்களைக் குறையாகச் சொல்லவில்லை, அழுதுகொண்டு சொன்னாள்.

அந்த முதற் பிள்ளைக்கு மூச்சு இழுத்த அன்று, வைத்தியம் பார்க்க அப்போதிக்கரியார் வந்தார். பார்த்த உடனே, "காத்து வேணும், யன்னலைத் திறவுங்கோ" என்றார். மண்டபத்திலே நின்ற இவருக்கு அது கேட்டது. பதறிப்போய் இவர் வெளியே ஓடினார். ஓடிப்போய் வீதிப் பக்கமாக நின்று அந்தப் பச்சை யன்னலைப் பிடித்து இழுத்தார். சபையோரே, தாம் கட்டுவித்த யன்னல், தாமே சாந்து பிடிக்கச் சொன்ன யன்னல்! அது யன்னல் இல்லை என்பது அந்த நேரம் அவருக்கே மறந்துபோயிற்று. இழுத்தார், இழுத்தார், நகம் பெயரும் வரை இழுத்தார். "ஏனடி திறக்குதில்லை, ஆரடி உள்ளுக்கை பூட்டினது?" என்று கத்தினார். உள்ளே மகள் அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

நமசிவாயம் ஐயா, இதை இவ்வளவு பேருக்கு முன்னாலே சொன்னதற்கு நீங்கள் என்னைத் திட்டலாம். ஆனால் அதற்குப் பிறகும் அந்தச் சுவர் நிற்கிறதே! அதற்குப் பிறகும் அந்தச் சாந்துக்குப் புது வர்ணம் பூசிப் போட்டிக்கு அனுப்பினீர்களே! எனக்கு வந்த கோபம் அதனாலே வந்தது. ஊர் பார்க்கும் என்று பயந்தீர்கள். ஊர் பார்த்து என்ன செய்தது? கதிரையில் இருந்து சோடா குடித்தது, முழுப் புள்ளி போட்டது. நானும் அந்த ஊரிலே ஒருத்தி.

ஆகவே தலைவர் அவர்களே, இந்த விளக்கை நான் தொடமாட்டேன். வெளிச்சம் புகாத வீட்டுக்கு வெள்ளி விளக்கு எதற்கு? திறக்காத யன்னலுக்குப் பரிசு எதற்கு? அந்த வீட்டுக்கு இன்றைக்குக் கொடுக்கக்கூடிய பரிசு ஒன்றே ஒன்றுதான். ஒரு அலவாங்கு! சுவர் உடைக்கிற, கல் பெயர்க்கிற, கனத்த இரும்பு அலவாங்கு! இந்தச் சபையிலே அலவாங்கு உள்ளவர் யார்? கொண்டுவந்து இந்த மேசையில் வையுங்கள், அதைக் கொடுக்கிறேன் சிரித்த முகத்தோடு! யாரிடம் இருக்கிறது? யாரிடமும் இல்லையா? தோட்டக்காரர் நிறைந்த ஊரிலே ஒருவரிடமும் ஒரு அலவாங்கு இல்லையா?

சற்றுப் பொறுங்கள். பாயிலே இருந்து ஒருவர் எழும்புகிறார். சிவக்கொழுந்து அக்கா! வழி விடுங்கள், அவரைப் பார்க்கட்டும் எல்லோரும். சொல்லுங்கள் அக்கா.

"மகளை என்ரை தங்கச்சி இரத்தினம்மா வீட்டிலை கொண்டுபோய் இருத்திப்போட்டுத்தான் வந்தனான், ரீச்சர். இப்ப எங்கடை வீட்டிலை பிள்ளைத்தாச்சி ஒருத்தருமில்லை. அலவாங்கு மாட்டுக்கொட்டிலுக்கை கிடக்கு."

கேட்டீர்களா? அண்ணை, பின்வரிசை அண்ணை, உங்களுக்குக் கேட்டதா? வழக்கத்தையும் மீறாமல், மகளையும் கைவிடாமல், இந்தக் கூட்டத்துக்கு வர முன்னமே முடிவெடுத்துவிட்டு வந்திருக்கிறார் இந்த அம்மா! நான் இவ்வளவு நேரம் தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் எதற்கு?

நமசிவாயம் ஐயா சால்வையை எடுத்துத் தோளில் போடுகிறார். வெளியே போகிறார். ஐயா, கோபித்துக்கொண்டு போகிறீர்களா? எங்கே போகிறீர்கள்? ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

"கொட்டிலுக்கு."

கை தட்டாதீர்கள். தயவுசெய்து கை தட்டாதீர்கள். அது கை தட்டுகிற காரியம் அல்ல.

வேலியோரம் நிற்கிற தம்பிமாரே, இன்னும் ஏன் நிற்கிறீர்கள்? அது தடித்த கற்சுவர், அவர் வயதான மனிதர். போய் அலவாங்கைப் பிடியுங்கள். சரிவுப் பலகைக்கு அளவு கேட்டால் தச்சரைத் தேட வேண்டாம், சுவரிலேயே கரியால் கீறியிருக்கிறது. கோட்டை விட்டு ஒரு நூல் விலகாமல் உடையுங்கள். அது வீட்டுக்காரி கீறிய கோடு.

தலைவர் அவர்களே, இனி மணியை அடிக்கலாம். என் கடுஞ்சொற்களைப் பொறுத்து, கதிரையை விட்டு எழும்பாமல் இருந்த கனவான்களுக்கு என் நன்றி. தம்மைக் கேட்காமலே கட்டிய வீடுகளுக்குள் இத்தனை காலம் மூச்சுப் பிடித்து வாழும் தாய்மாருக்கு என் தலை தாழ்ந்த வணக்கம். விளக்கு இந்த மேசையிலேயே இருக்கட்டும். குணலட்சுமி பிள்ளையோடு வீடு திரும்புகிற நாளிலே, அவள் கையிலே கொடுத்து, அந்த யன்னல் படியிலே வைக்கச் சொல்வோம். வெளியாலையும் தெரியும், உள்ளுக்கையும் தெரியும்.

வருகிறேன். வணக்கம்.